சூடு ஏற்றினால் எல்லாம் கூடுமா? உங்கள் கம்ப்யூட்டரைக் கேட்டுப் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "இதில் என்னென்ன செய்யலாம்?" என்பதுதான். வழக்கமாக இன்டர்நெட், லெட்டர் டைப் செய்வது, போட்டோக்களைச் சேமித்து வைப்பது என்று ஏதாவது சொல்லித் தப்பித்துவிடுவேன். சென்ற கோடை விடுமுறையில் சொந்த ஊரான தேவாரத்துக்குப் போயிருந்தபோது, அப்படித் தப்பிக்க முடியாத ஒரு சூழ்நிலை ஏற்பட்டது.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர். விடியற்காலையில் ஜீப் ஏறி மலைக்குப் போனால் பொழுது சாயும் நேரத்தில்தான் திரும்புவார். தோட்டை அடகு வைத்து, பிளஸ் டூ போகும் மகனுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் சொன்னது இதுதான்: "தம்பி, படிப்புக்குன்னு வாங்கிக் குடுத்தேன். எந்நேரமும் படந்தான் ஓடுது. வாங்குனதே தப்போன்னு இருக்கு."

அவருக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த இலவச லேப்டாப்தான் என் முதல் கம்ப்யூட்டர். அதில் முதல் ஆறு மாதம் நானும் படம் மட்டும்தான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் பையன் வந்தான். "அண்ணே, ஒரு உலோகத்தச் சூடாக்குனா அதுல இருந்து வெளிய வர்ற அயனியோட சார்ஜ் கூடுமாண்ணே?" என்று கேட்டான். செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்த நான், "கூடும்டா. சூடு ஏறுனா எல்லாமே கூடும்ல" என்றேன். அவன் அதை நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டான். இன்ஜினீயரிங் முடித்து, சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை அவனுக்கு. ராத்திரி படுத்த பிறகுதான் எனக்கு உறுத்தியது. நான் சொன்னது தப்பு.

அவனுக்கு அந்தச் சந்தேகம் வந்ததற்குக் காரணம் உண்டு. உலோகத்தைச் சூடாக்கினால் எலக்ட்ரான்கள் வெளியே வரும். பழைய டி.வி.யிலும் பெரிய மானிட்டரிலும் இருந்த பிக்சர் ட்யூப் இந்த முறையில்தான் வேலை செய்தது. சுவிட்சைப் போட்டு ஹீட்டர் சூடாகிற வரை படம் வராது. இதற்குத் தமிழ்ப் பாடத்தில் 'வெப்ப அயனி உமிழ்வு' என்று பெயர். பெயரில் அயனி இருக்கிறது, வெளியே வருவதோ எலக்ட்ரான்! அப்படியானால் அயனி எப்போது வரும் என்று ஒரு பையன் கேட்டால் அவனைக் குறை சொல்ல முடியுமா?

எலக்ட்ரான் விஷயத்தில் 'சூடு ஏற்றினால் கூடும்' என்பது சரிதான். ஓவன் ரிச்சர்ட்சன் கண்டறிந்த விதிப்படி, டங்ஸ்டன் கம்பியை 2000 கெல்வினிலிருந்து 2500 கெல்வினுக்குச் சூடாக்கினால், வெளிவரும் எலக்ட்ரான்கள் ஏறக்குறைய 290 மடங்காகின்றன. (கெல்வின் என்பது சென்டிகிரேடுடன் 273-ஐக் கூட்டிய எண்.) இதற்காக அவருக்கு 1928-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. கல்லூரியில் இந்தச் சமன்பாடு எங்களுக்கு இரண்டு மார்க் கேள்வி. மனப்பாடம் செய்தோம், எழுதினோம், மறந்தோம். அதில் ஒரு எண்ணைப் போட்டுப் பாருங்கள் என்று ஒருவரும் எங்களிடம் சொன்னதில்லை. கம்ப்யூட்டர் லேப் அடுத்த கட்டடத்திலேயே இருந்தது!

அயனியின் கதை வேறு. 1920-களில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் இர்விங் லாங்மூரும் கிங்டனும் சூடான டங்ஸ்டன் கம்பியின் மீது சீசியம் ஆவியைப் படவிட்டார்கள். கம்பியில் வந்து விழுந்த சீசியம் அணுக்கள் கிட்டத்தட்ட எல்லாமே, தங்கள் எலக்ட்ரான் ஒன்றைக் கம்பியிடம் பறிகொடுத்துவிட்டு, பாசிட்டிவ் அயனிகளாகத் திரும்பிப் போயின.

இது ஓர் இழுபறி. சீசியம் தன் வெளி எலக்ட்ரானைப் பிடித்து வைத்திருக்கும் பலம் 3.89 எலக்ட்ரான் வோல்ட். இது அதன் அயனியாக்க ஆற்றல். டங்ஸ்டன் தன்னிடம் உள்ள எலக்ட்ரானைப் பிடித்து வைத்திருக்கும் பலம் சுமார் 4.5, இது அதன் வெளியேற்று ஆற்றல். டங்ஸ்டனின் பிடி பெரிது என்பதால் எலக்ட்ரான் அதன் பக்கம் போய்விடுகிறது. சோடியம் வந்து விழுந்தால் கதை தலைகீழ். அதன் பலம் 5.14. தன் எலக்ட்ரானை அது சுலபத்தில் விடாது.

இதில் சூட்டின் வேலை என்ன? எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஏலக்காய் கிலோ 800 ரூபாய் விற்கும் நாளில் இரண்டு வியாபாரிகளுக்கு இடையே 60 ரூபாய் வித்தியாசம் என்றால், எல்லோரும் அதிகம் தருகிறவரிடம்தான் போவார்கள். கிலோ 3000 விற்கும் நாளில் அதே 60 ரூபாயை யாரும் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சிலர் இவரிடமும் சிலர் அவரிடமும் போட்டுவிடுவார்கள். சூடும் அப்படித்தான். சூடு ஏற ஏற, இரண்டு பலங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தின் மதிப்பு குறைந்துகொண்டே போகிறது.

இதை நான் சொன்னால் நம்ப வேண்டாம். கம்ப்யூட்டரைத் திறந்து நீங்களே பாருங்கள். எக்செல் இருந்தால் அது போதும். இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசமாகவே கிடைக்கிறது. ஏ1 செல்லில் 4.5 என்று டைப் செய்யுங்கள். ஏ2-ல் 3.89. ஏ3-ல் 1000, இதுதான் கெல்வினில் வெப்பநிலை. ஏ4-ல் இந்தக் கணக்கைக் கொடுங்கள்:

=0.5*எக்ஸ்ப்((ஏ1-ஏ2)/(0.00008617*ஏ3))

இதை ஆங்கில எழுத்துகளில்தான் டைப் செய்ய வேண்டும். 'எக்ஸ்ப்' என்பது இ, எக்ஸ், பி என்ற மூன்று எழுத்துகள். ஏ5-ல் =ஏ4/(1+ஏ4)*100 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். கம்பியை விட்டுக் கிளம்பும் சீசியத்தில் எத்தனை சதவீதம் அயனியாகப் போகிறது என்ற விடை வந்துவிடும்.

1000 கெல்வினில் 99.8 சதவீதம். ஏ3-ல் 1500 என்று மாற்றினால் 98.2. 2000 என்று மாற்றினால் 94.5. சூடு ஏறுகிறது, அயனியின் பங்கு இறங்குகிறது! நான் அந்தப் பையனிடம் சொன்னதற்கு நேர்மாறு.

இப்போது ஏ2-ல் சோடியத்தின் 5.14-ஐப் போடுங்கள். அதே மூன்று வெப்பநிலைகளில் 0.03, 0.35, 1.2 என்று ஏறும். நடுவில் இருக்கும் பொட்டாசியத்துக்கு 4.34 போட்டால் 76, 63, 56 என்று இறங்கும். ஆக, சூடு ஏற்றினால் அயனிகள் கூடுமா குறையுமா என்ற கேள்விக்கு, எந்த உலோகத்தின் மேல் எந்த அணு என்று தெரியாமல் பதிலே சொல்ல முடியாது.

அவன் கேட்டது சார்ஜைப் பற்றி அல்லவா? ஒவ்வோர் அயனியின் மீதும் இருக்கும் சார்ஜ், இந்தச் சூட்டில் எல்லாம் மாறுவதில்லை. ஓர் எலக்ட்ரான் போனால் பிளஸ் ஒன்று, அவ்வளவுதான். சீசியத்திடமிருந்து இரண்டாவது எலக்ட்ரானையும் பிடுங்க 23 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் வேண்டும். ஏ2-ல் 23-ஐப் போட்டுப் பாருங்கள். வரும் எண்ணில் தசமப் புள்ளிக்குப் பிறகு வரிசையாகப் பூஜ்யங்கள்தான். சூடு மாற்றுவது சார்ஜுடன் போகிறவர்களின் எண்ணிக்கையை, ஆளுக்கு எவ்வளவு சார்ஜ் என்பதை அல்ல.

மறுநாள் காலையில் பையனைக் கூப்பிட்டு, நான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டு, அவன் கம்ப்யூட்டரிலேயே இதைப் போட்டுக் காட்டினேன். பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. என் கையிலிருந்து கீபோர்டை வாங்கிக்கொண்டான். முதலில் வெப்பநிலைக்கு ஒரு லட்சம் என்று போட்டான். சீசியம் 34.9, பொட்டாசியம் 33.7, சோடியம் 31.7 என்று வந்தது. "என்னண்ணே, எல்லாம் ஒரே இடத்துக்கு வருது?" என்றான். மேலிருந்தவை இறங்குகின்றன, கீழிருந்தது ஏறுகிறது, எல்லாம் மூன்றில் ஒரு பங்கை நோக்கிப் போகின்றன. இத்தனைக்கும் டங்ஸ்டன் சுமார் 3700 கெல்வினிலேயே உருகிவிடும். ஒரு லட்சத்தில் கம்பி எங்கே இருக்கும்? ஆனால் கணக்கின் போக்கு எங்கே போகிறது என்பது தெரிந்துவிட்டது. அவன் சும்மா விளையாடியதில்தான் அது தெரிந்தது.

அடுத்து 300 போட்டான். அது நம் வீட்டு அறையின் வெப்பநிலை. 100 சதவீதம் என்று வந்தது. "அப்ப சூடே பண்ண வேணாமாண்ணே? வெறும் கம்பியில சீசியத்தக் கொட்டுனா எல்லாம் அயனியாப் போயிருமா?"

நான் மாட்டிக்கொண்டேன். நடக்காத ஒன்றைக் கம்ப்யூட்டர் பளிச்சென்று 100 என்று காட்டுகிறது. கொஞ்சம் யோசித்த பிறகுதான் விளங்கியது. இந்தச் சமன்பாடு கம்பியை விட்டுக் கிளம்புகிறவற்றின் பங்கை மட்டுமே சொல்கிறது. கிளம்புமா, கிளம்பாதா என்பதைச் சொல்வதில்லை. சூடில்லாத கம்பியில் சீசியம் ஒட்டிக்கொண்டு படலமாகப் பரவிவிடும். அந்தப் படலம் கம்பியின் வெளியேற்று ஆற்றலையே குறைத்துவிடும், அதாவது ஏ1-ல் போட்ட 4.5 அங்கே செல்லாது. அயனிகள் கிளம்பப் போதுமான சூடு முதலில் வேண்டும். அந்த அளவைத் தாண்டிய பிறகுதான் மேற்கொண்டு ஏற்றும் சூடு சீசியத்தின் சதவீதத்தைக் குறைக்கும். நாம் எதை டைப் செய்கிறோமோ அதற்கு விடை தருவதுதான் எக்செல்லின் வேலை. அங்கே சீசியம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று அது எட்டிப் பார்க்காது.

வீட்டுக்கு வரும் கம்ப்யூட்டரைப் பற்றி என் அபிப்பிராயம் இதுதான். விடை சொல்லும் பெட்டியாக மட்டும் அதைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்கிறோம். இன்று கேள்வியை டைப் செய்தால் இரண்டு விநாடியில் பதிலை எழுதித் தரும் சாட்பாட்கள் வந்துவிட்டன. நானும் ஆபீஸில் தினமும் பயன்படுத்துகிறேன், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பதிலைப் படித்தவனுக்கு 300 போட்டுப் பார்க்கத் தோன்றாது. ஓர் எண்ணை மாற்றினால் என்ன ஆகும் என்று தன் கையால் பார்ப்பவனுக்குத்தான் அந்தக் கேள்வி வரும். அதற்கு விலை உயர்ந்த சாஃப்ட்வேரோ வேகமான பிராசஸரோ தேவையில்லை, ஐந்து செல்கள் போதும். எந்தப் பழைய மெஷினிலும் ஓடும்.

இந்தச் சமன்பாட்டின் பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சாகா - லாங்மூர் சமன்பாடு. சாகா என்பவர் நம்மவர், மேகநாத் சாகா. டாக்கா அருகே ஒரு கிராமத்தில் 1893-ல், மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகனாகப் பிறந்தவர். கவர்னரின் வருகையை எதிர்த்த மாணவர் போராட்டத்தில் சேர்ந்ததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு, உதவித்தொகையையும் இழந்தவர். சூரியனின் வாயுக்களில் எத்தனை அணுக்கள் அயனியாக இருக்கும் என்று வெப்பநிலையை வைத்துக் கணக்கிடும் அவருடைய கட்டுரை 1920-ல் வெளியானது. நட்சத்திரத்துக்குப் போட்ட அதே கணக்குதான் பின்னால் ஒரு சூடான கம்பிக்கும் பொருந்தியது.

அவர் பெயரில் கொல்கத்தாவில் இயங்கும் சாகா அணு இயற்பியல் நிறுவனம் எங்கள் ஊர்ப் பக்கத்துக்கும் சம்பந்தப்பட்டதுதான். பொட்டிப்புரம் மலையில் அமைக்கத் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்காக 2002-ல் ஒப்பந்தம் செய்த ஏழு நிறுவனங்களில் அதுவும் ஒன்று. 2015-ல் மத்திய அமைச்சரவை அனுமதி கொடுத்தபோது எங்கள் ஊர் டீக்கடைகளில் நடந்த வாக்குவாதம் கொஞ்சநஞ்சமல்ல. எந்தப் பக்கம் நியாயம் என்று இங்கே நான் சொல்லப் போவதில்லை. துகள், கதிர், அயனி என்று இரண்டு பக்கத்தாரும் உரக்கப் பேசினார்கள். ஒரு எண்ணைச் சொல்லி, இதை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன் என்று ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. நானும் அப்போது போட்டதில்லை.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன் பையனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். பாறைகளின் வயதைக் கண்டுபிடிக்கும் ஒரு முறையில், பாறையைக் கரைத்து அதிலிருந்து பிரித்தெடுத்த ஸ்ட்ரான்சியத்தைச் சூடான ரீனியம் கம்பியில் வைத்து, அயனியாக்கி எடை பார்க்கிறார்கள். ரீனியத்துக்கு 4.96, ஸ்ட்ரான்சியத்துக்கு 5.69 போட்டு, 0.5-க்குப் பதிலாக 2 என்று மாற்றிக்கொள்ளச் சொன்னேன். 1500 கெல்வினில் 0.7 சதவீதம், 2000-ல் 2.8 என்று வரவேண்டும். சரியாக வந்துவிட்டதாக மறுவாரம் போன் செய்தான். கூடவே, "அந்த 0.5 ஏன்ணே 2 ஆச்சு?" என்று கேட்டான். அது அணுவின் எலக்ட்ரான் அமைப்பைப் பொறுத்தது. போனில் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை, தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது சொல்கிறேன் என்றிருக்கிறேன். நானும் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.