செயற்கைக்கோள் சொல்வதும் சொல்லாததும்



பள்ளிவாசல்களில் அண்மைக் காலமாக ஒரு பிணக்கு தலைதூக்கி வருகிறது. ஒருவர் கைப்பேசியைத் தரையில் வைக்கிறார்; அதன் முள் மிஹ்ராபை விட்டுச் சற்று விலகி நிற்கிறது. உடனே, "செயற்கைக்கோளே காட்டிவிட்டது, இத்தனை ஆண்டுகளாகத் தவறான திசையில் தொழுதிருக்கிறோம்" என்கிறார். ஜமாஅத் இரண்டுபடுகிறது. செயற்கைக்கோள் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதை அறியாமையே இதன் வேர் என்பது நமது கருத்து.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில், ஆறு சுற்றுப்பாதைத் தளங்களில் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு இருமுறை பூமியைச் சுற்றி வருகிறது. உலகம் முழுமைக்கும் பயன்படக் குறைந்தது 24 செயற்கைக்கோள்கள் தேவை. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. அது ஓயாது அறிவிப்பவை முதன்மையாக இரண்டு: சமிக்ஞை புறப்பட்ட நேரம், அப்போது தான் இருந்த இடம். அச்சமிக்ஞை நம்மை அடைய விநாடியில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு நேரமே ஆகிறது. இவ்வாறு நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளை ஒப்பிட்டுக் கைப்பேசி தன் இருப்பிடத்தைக் கணிக்கிறது. விநாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரக் கணக்கில் 300 மீட்டர் பிழை வரும், அத்துணை நுட்பம்!

ஆக, அது தருவது நாம் நிற்கும் இடத்தை மட்டுமே. அங்கிருந்து கஅபா எத்தனை பாகையில் உள்ளது என்பது கணக்கு. அது பெரும்பாலும் சரியாகவே அமையும். ஆனால் கைப்பேசி எத்திசை நோக்கிக் கிடக்கிறது என்பதை உணர்வது அதனுள் உள்ள சிறு காந்த உணரி. தரைக்குள் இருக்கும் இரும்புக் கம்பியோ, அருகிலுள்ள ஒலிபெருக்கியோ, காந்தம் பதித்த உறையோ போதும், முள் விலகிவிடும். பிழை விண்ணில் இல்லை. நம் காலடியில் உள்ளது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அறிஞர் அல்-பீரூனி, கஸ்னா நகரின் கிப்லாவை அறியும் பொருட்டு நகரங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கணித்து ஒரு நூலே இயற்றினார். அன்று அரும்பாடுபட்டுப் பெற்ற இடமறிவு இன்று நொடியில் கிடைக்கிறது. அந்த எளிமை ஆராயும் பொறுப்பை நம்மிடமிருந்து அகற்றிவிடவில்லை.

ஐயம் எழுமாயின் எளிய வழி உண்டு. மே 27, 28 தேதிகளில் இந்திய நேரம் பிற்பகல் 2:48 மணியளவிலும், ஜூலை 15, 16 தேதிகளில் 2:57 மணியளவிலும் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே நிற்கிறது. அந்நேரம் செங்குத்தாக நட்ட கம்பின் நிழலுக்கு நேர் எதிர்த்திசையே கிப்லா. இமாமும் நிர்வாகிகளும் ஊராரும் கூடிநின்று அதனைப் பார்க்கட்டும். அதன் பின்னரும் வேறுபாடு தென்பட்டால், ஸஃப்பைத் திருப்புவதா என்பதை உலமாக்களிடம் கேட்டு முடிவு செய்யட்டும். அதுவரை, ஒரு முள்ளின் அசைவுக்காக ஜமாஅத்தைப் பிளப்பது எவ்வகையிலும் தகாது.

நம் மத்ரஸாக்களில் இக்கணக்கைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக. பயனுள்ள கல்வியையும் உள்ளங்களின் ஒற்றுமையையும் அல்லாஹ் நமக்கு வழங்குவானாக, ஆமீன்.