புனலா, பெட்டியா?

திருச்சிராப்பள்ளியில் ஒலிபெருக்கி இல்லாத விழாவை இன்று நாம் எண்ணிப் பார்க்கவும் இயலாது. மீலாது மேடையாயினும், தேர்த் திருவிழாவாயினும், கட்சிக் கூட்டமாயினும், நம் துறையின் முத்தமிழ் விழாவாயினும் முதலில் வந்து இறங்குவது மைக்செட்டுதான். அதனை வாடகைக்கு எடுத்து வந்த நிலை மாறி, தூக்கிச் செல்லத்தக்க ஒலிக்கருவி ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிவிடலாம் என்னும் எண்ணம் கல்லூரி மன்றங்களிடத்தும் தெருச் சங்கங்களிடத்தும் தோன்றியுள்ளது. வாங்க முற்படுவோர் முன் நிற்கும் வினா இதுவே: பழைய முறையிலான ஆம்ப்ளிபயரும் புனல் ஒலிபெருக்கியுமா? அன்றி, ஆம்ப்ளிபயரைத் தன்னுள்ளேயே அடக்கிய, புளூடூத் வசதியுள்ள புதிய பெட்டியா? புதியதே சிறந்தது என்று பலர் ஆராயாமலே முடிவு செய்துவிடுகின்றனர். அதில் நமக்கு உடன்பாடு இல்லை. பழையதே போதும் என்பதும் நம் கருத்தன்று.

புனலின் ஆற்றலை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சாதாரணப் பெட்டி ஒலிபெருக்கி தான் பெறும் மின்னாற்றலில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கையே ஒலியாக்குகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. புனலோ பத்துப் பங்குக்கு மேலும் ஒலியாக்க வல்லது. ஆகவேதான் 30 வாட் ஆற்றலைக் கொண்டு, அதுவும் 12 வோல்ட் கார் பேட்டரியில் இயங்கிக்கொண்டு, ஒரு சிற்றூர் முழுவதற்கும் செய்தி சொல்ல அதனால் முடிந்தது. ஆடிப் பெருக்கன்று அம்மா மண்டபப் படித்துறையில் திரளும் கூட்டத்திற்குக் காவல்துறை அறிவிப்புச் செய்ய வேண்டுமாயின், அத்திறந்த வெளியில் புனலுக்கு நிகர் வேறில்லை. அது தாழ்ந்த ஒலிகளை விட்டுவிடும். பேச்சின் தெளிவுக்கு வேண்டிய இடையொலிகளையே வீசியெறியும். இசைக்கு அது குறை. பேச்சுக்கு அதுவே நிறை.

திருச்சியைத் தம் ஊராகக் கொண்டிருந்த எம்.கே. தியாகராஜ பாகவதரை (1910-1959) ஈண்டு நினைவுகூர்தல் பொருந்தும். ஒலிவாங்கியின் துணையின்றி நாடகக் கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்குமாறு உச்சத் தாயியில் பாடிப் பழகிய தலைமுறை அது. அவ்வகைக் குரல்களுக்கும் புனலுக்கும் இயல்பாகவே ஒரு பொருத்தம் இருந்தது. 2015இல் மறைந்த இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனிபாவின் குரல் திருமணப் பந்தல்தோறும் புனல் வழியே ஒலித்தும் சொல் ஒன்றேனும் சிதையாமல் நம் செவிக்கு எட்டியதும் அதனாலேயே எனலாம். இசைத்தட்டிலிருந்து ஒலிநாடாவுக்கும், குறுந்தகட்டுக்கும், பென்டிரைவுக்கும் மைக்செட்டுக்காரர் மாறிக்கொண்டே வந்தார். மரக்கிளையில் கட்டிய புனல் மட்டும் நெடுங்காலம் மாறவில்லை.

பின்னர் அது ஏன் ஒதுக்கப்பட்டது? தொலைவுக்கு ஒலியை வீசுவதே அதன் குற்றமாயிற்று. ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என அளவு வகுக்கப்பட்டது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவிடங்களில் ஒலிபெருக்கி கூடாதென்பதை உச்ச நீதிமன்றம் 2005ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வழங்கிய தீர்ப்பில் வலியுறுத்தியது. தமிழகக் காவல்துறையும் விழாக்களுக்கு இசைவு அளிக்கையில், கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது, பெட்டி வடிவமே வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாயிற்று. நோயாளர்க்கும் மாணவர்க்கும் இதனால் நன்மை விளைந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும், புனலின் இடத்தைப் பிடித்த பெட்டி அடக்கமானதா என்பதே நம் ஐயம். திருமண மண்டபங்களில் 'டி.ஜே.' என்னும் பெயரால் அடுக்கப்படும் பெட்டிகளின் கீழே ஆளுயரத்தில் நிற்கும் சப்வூபர் எழுப்புவது தாழ்ந்த ஒலி. உயர்ந்த ஒலியைச் சுவர் ஓரளவு தடுக்கும். தாழ்ந்த ஒலிக்கோ சுவர் பெருந்தடையன்று. இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. விதிகள் கூறும் டெசிபல், 'ஏ' என்னும் நிறையிடலின்படி அளக்கப்படுவது. மனிதச் செவி தாழ்ந்த ஒலியைக் குறைவாக உணர்கிறது என்பதால், 63 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அம்முறை ஏறத்தாழ 26 டெசிபலைத் தள்ளுபடி செய்துவிடும். ஆகவே, அடுத்த வீட்டு முதியவரின் கட்டில் அதிரும் வேளையிலும் அளவி அதனைக் குறைத்தே காட்டும். புனல் காதைத் துளைத்தது. பெட்டி மார்பைத் தட்டுகிறது. சட்டம் முன்னதைக் கண்டுகொண்டது. பின்னதை இன்னும் முழுதாகக் கண்டுகொள்ளவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

திருவரங்கத்தின் உத்தர வீதியிலோ சித்திரை வீதியிலோ நின்று இதனை ஆராய்ந்தால் மேலும் சில தெளிவாகும். அங்கே வீடுகள் இருபுறமும் ஒன்றையொன்று நோக்கி நெருங்கி நிற்பவை. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வது. 34 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஒலிபெருக்கிகளைக் கட்டினால், ஒன்றன் அருகில் நிற்பவருக்கு மற்றதன் ஒலி பத்தில் ஒரு நொடி பிந்தி வரும். ஒரு சொல் முடியும் முன்னரே அதன் நிழல் அடுத்த சொல்லின் மீது விழும். பழைய முறையில் இதற்குத் தீர்வில்லை. புதிய கருவிகளிலோ, தொலைவிலுள்ள பெட்டியின் ஒலியைக் கணக்கிட்டுப் பிந்தச் செய்யும் வசதி உண்டு. புதுமையின் உண்மையான பேறு இதுவே. விற்பவர்களோ இதனை விடுத்து, வாட் எண்ணிக்கையையும் மின்னும் வண்ண விளக்குகளையுமே காட்டுகின்றனர்! ஓரிடத்தில் பெரும்பெட்டியை நிறுத்தி அலற விடுவதினும், கேட்போர் அருகே சிறு பெட்டிகள் நான்கினை வைத்து மெல்லப் பேசவிடுவது சாலச் சிறந்தது. தொலைவு இரட்டிக்குந்தோறும் ஒலி 6 டெசிபல் குறைவதாதலின், கேட்போர்க்கு அணுக்கமாக வைத்தாலே ஒலியளவைப் பெரிதும் தாழ்த்திவிடலாம்.

இனிப் பழுதைப் பற்றி. பழைய ஆம்ப்ளிபயரின் பின்புறத்தில் 4, 8, 16 ஓம் முனைகளோடு 70 வோல்ட், 100 வோல்ட் முனைகளும் இருக்கும். உயர் வோல்ட் வழியில் அனுப்பினால் மெல்லிய கம்பியிலேயே தெருக்கோடி வரை ஒலியைக் கொண்டு செல்லலாம். உள்ளே டிரான்சிஸ்டர் எரிந்தால், பற்றவைப்புக் கோலும் மீட்டரும் உடைய எந்தத் தொழிலாளரும் மாற்றிவிடுவார். புதிய பெட்டியின் 'டி' வகை ஆம்ப்ளிபயர் எடையிலும் மின்செலவிலும் மிகக் குறைந்தது. தோளில் மாட்டிச் செல்லலாம். ஆனால், பலகை பழுதுற்றால் பலகையையே மாற்ற வேண்டும். மாற்றுப் பலகை கிடைக்காதாயின் பெட்டி வெறும் இருக்கையாகும். உள்ளிருக்கும் லித்தியம் மின்கலத்தையும் சில ஆண்டுகளில் மாற்ற நேரும். அதனைக் கழற்ற இடமுண்டா என்று கேட்டு வாங்குவோர் மிகச் சிலரே.

டி.ஜே. தொழிலில் இறங்கும் இளைஞர்க்கும் இது பொருந்தும். மடிக்கணினியின்றி இயங்காத கட்டுப்பாட்டுக் கருவி, அதற்குரிய மென்பொருளின் ஆதரவு நிற்கும் நாளில் தானும் நின்றுவிடும். 1972இல் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 இசைத்தட்டுச் சுழலியின் உற்பத்தி 2010இல் நிறுத்தப்பட்டு, விரும்பிக் கேட்போர் இருந்தமையால் 2016இல் மீண்டும் தொடங்கப்பட்டது. கணினியை நம்பாத பொறிக்கு வாழ்நாள் மிகுதி.

நம் துறையைப் போன்றோர்க்கு நாம் பரிந்துரைப்பது இது: நன்றாக இயங்கும் பழைய ஆம்ப்ளிபயரைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டா. அதனோடு சுவரோரம் நிறுத்தத்தக்க மெலிந்த நெடும்பெட்டிகளை இணைத்துக்கொள்ளலாம். புதிதாகவே வாங்குவதாயின், ஒரு பெரியதற்கு மாற்றாகச் சிறியவை இரண்டினை வாங்கலாம். சப்வூபர் வேண்டவே வேண்டா. கடையில் ஆட்டப் பாடல் ஒன்றைப் போட்டு அதிரவைத்துக் காட்டுவர். அதில் மயங்காமல், ஒலிவாங்கியைக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். லகர, ளகர, ழகர வேறுபாடு உயர்ந்த அதிர்வெண்களில்தான் தங்கியுள்ளது. தாழ்ந்த ஒலி மிகுந்தால் முதலில் மறைவது அதுவே. ஒருவர் வாலை, வாளை, வாழை என்று சொல்ல, கடையின் கடைக்கோடியில் நிற்பவர் மூன்றையும் தாளில் பிரித்து எழுத முடிகிறதா என்று பார்த்த பின்னர் விலை பேசலாம்.