காதுக்கு டிபன், காலுக்கு டிபன்

புலன்கள் எத்தனை என்று கேட்டால் ‘ஐந்து’ என்று பட்டென்று சொல்வீர்கள். மூன்றாம் வகுப்பில் மார்க் வாங்கித் தந்த பதில். தப்பில்லை. ஆனால், உடம்புக்குள் இன்னும் இரண்டு பேர் மஸ்டர் ரோலில் பேரே இல்லாமல் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒருத்தர் உள்காதில் இருக்கிறார். மூன்று அரைவட்டக் குழாய்கள், அதற்குள் கொஞ்சம் திரவம். தலை சாய்கிறதா, சுற்றுகிறதா என்று மூளைக்குச் சொல்வது அவர் வேலை. கும்மிடிப்பூண்டி லோக்கல் பேஸின் பிரிட்ஜில் வளையும்போது, ஒரு கையில் டிபன் பாக்ஸும் மறு கையில் போனுமாக விழாமல் நிற்கிறீர்களே, அவர் புண்ணியம். இன்னொருத்தர் தசைகளிலும் மூட்டுகளிலும் குடியிருக்கிறார். கை எங்கே, கால் எங்கே, எவ்வளவு அழுத்துகிறோம் என்று கணக்கு வைப்பவர். கரண்ட் போன நேரத்திலும் டீ டம்ளர் மூக்கில் இடிக்காமல் வாய்க்கு வருகிறதே, அது இவர் கைங்கரியம். இவருக்கு 1906-ல் ‘ப்ரொப்ரியோசெப்ஷன்’ என்று நாமகரணம் செய்தவர் ஷெரிங்டன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி. வாயில் நுழையாத பெயர்தான், ஆள் நல்லவர்.

இந்த ஏழு பேரும் நாள் முழுக்கக் கொண்டுவந்து கொட்டுகிற தபாலை மூளை ஸார்ட்டிங் பண்ணியாக வேண்டும். சில குழந்தைகளுக்கு அந்த ஸார்ட்டிங் ஆபீஸில் கொஞ்சம் தகராறு. இதைப் பற்றி ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்க அம்மையார் 1972-ல் ஒரு புத்தகமே எழுதினார். சிலருக்கு வால்யூம் ஏகத்துக்கு அதிகம். மிக்ஸி ஓடினால் இடி விழுந்த மாதிரி இருக்கும். சிலருக்கு வால்யூம் ரொம்பக் கம்மி. குதித்து, சுற்றி, சுவரில் மோதினால்தான் தனக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே உறைக்கும். ஒரே பிள்ளைக்குக் காது அந்தக் கட்சி, கால் இந்தக் கட்சி என்றும் இருக்கலாம். ஆட்டிஸத்தின் அடையாளங்களில் ஒன்றாக அமெரிக்க மனநல டாக்டர்கள் 2013-ல் இதைச் சேர்த்தார்கள். ஆட்டிஸம் இல்லாத பிள்ளைகளிடமும் இது உண்டு.

இதற்கு ‘சென்ஸரி டயட்’ என்று 1984-ல் ஒரு வார்த்தையைச் சொன்னவர் பட்ரீஷியா வில்பார்கர். டயட் என்றதும் ஓட்ஸ், கொள்ளு என்று பயப்பட வேண்டாம். இது காதுக்கும் காலுக்கும் தோலுக்கும் போடுகிற டிபன். மயக்கம் போட்டு விழுந்த பிறகா நாம் சாப்பிடுகிறோம்? காலை, மத்தியானம், ராத்திரி என்று மணி பார்த்துச் சாப்பிடுகிறோம் இல்லையா? அதே மாதிரி, குழந்தை நிதானம் தவறுவதற்கு முன்னாலேயே, அதன் உடம்பு கேட்கிற அசைவையும் அழுத்தத்தையும் வேளாவேளைக்குக் கொடுத்துவிடுவது. அவ்வளவுதான் ஐடியா.

‘எனக்கெல்லாம் இது தேவையில்லை ஸார்’ என்கிறீர்களா? உங்கள் ஆபீஸைச் சுற்றிப் பாருங்கள். அக்கவுண்ட்ஸில் ஒருத்தர் பேனா மூடியைக் கடித்தே அரைத்திருப்பார். மீட்டிங்கில் ஒரு கால் தையல் மெஷின் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். பதினோரு மணிக்கு டீ வேண்டுமோ இல்லையோ, எழுந்து நாலு எட்டு நடந்தால்தான் பலருக்குப் பன்னிரண்டு மணி வரும். எல்லாம் டயட்தான். நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நாமே செய்துகொள்கிறோம். ஆறு வயசுப் பிள்ளை அதையே வகுப்பில் செய்தால், ‘கையைக் கட்டு, வாயைப் பொத்து!’

கல்யாணமாகாத வாலிபர்களே, பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அப்பா ஆவதற்கு முன்னால் நீங்கள் பெரும்பாலும் மாமாவோ சித்தப்பாவோ ஆகித் தொலைக்கப் போகிறீர்கள். நான் ஆனேன்.

அக்கா வீடு பொன்னேரியில், ரயில் பாதைக்குக் கிட்டத்தில். அக்கா மகனுக்கு வயசு ஆறு. நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் ஒன்று ஹாரன் அடித்தால் போதும், காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். சட்டைக் காலரில் இருக்கிற லேபிள் அவனுக்கு முள். முடி வெட்டுவது ஒரு யுத்தம். சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்கு ஒரு புயல் வரும். தரையில் விழுந்து, தலையை மோதி, கடைசியில் களைத்துத் தூங்கிப்போவான். எதிர்வீட்டுப் பெரியவர் வாசலில் நின்றபடியே வைத்தியம் சொல்வார்: “நாலு போடும்மா, சரியாயிடும்!”

இந்த இடத்தில் ஒரு வித்தியாசம் தெரிந்துகொள்ள வேண்டும். அடம் பிடிக்கிற குழந்தை அழும்போதே ஒரு கண்ணால் நம்மைப் பார்க்கும். கேட்டதைக் கொடுத்தால் ஸ்விட்ச் போட்ட மாதிரி நிற்கும். இந்தப் புயல் அப்படியல்ல. சாக்லெட் டப்பாவையே கொடுத்தாலும் நிற்காது. தாங்கமுடியாமல் ஃப்யூஸ் போன வீடு அது. ஃப்யூஸ் போன வீட்டை நாலு போட்டால் லைட் எரியுமா?

டாக்டர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரிடம் அனுப்பினார். (“ஆக்குபேஷன்னா வேலைதானே? ஆறு வயசுல வேலை வாங்கித் தர்றாங்களா?” இதுவும் எதிர்வீடுதான்.) அந்தப் பெண்மணி மூன்று தடவை பையனை விளையாடவிட்டுப் பார்த்தார். காது விஷயத்தில் ஓவர், தசை விஷயத்தில் பட்டினி என்று தீர்ப்புச் சொல்லி, ஒரு காகிதத்தில் டைம்டேபிள் எழுதிக் கொடுத்தார்.

அக்காவின் வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில் வேலை, மெயின்டனன்ஸ். ரொம்பப் பேசாத மனுஷர். பிள்ளை விஷயமாக டாக்டர், ஸ்கூல் என்றால் செருப்பைத் தேடி வெளியே போய்விடுவார். அன்றைக்கு அந்தக் காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

“ஏம்மா, இது நம்ம பி.எம். ஷெட்யூல்தானே? பேரிங் கத்தினப்புறம் கிரீஸ் வெச்சு இன்னா பிரயோஜனம்? கத்தறதுக்கு முந்தி வெக்கணும்.”

பி.எம். என்றால் பிரதம மந்திரி இல்லை, பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ். அன்றிலிருந்து அந்தக் காகிதம் அவர் பொறுப்பு. அவர் ஏ ஷிஃப்ட்டில் இருந்தால் காலை ட்யூட்டி எனக்கு.

ஷெட்யூலைப் பாருங்கள். ஒரு பைசா செலவில்லை.

காலை 6.30: பின்கட்டுக் குழாயிலிருந்து வாழை மரத்துக்குத் தண்ணீர். சின்ன வாளி, பாதிதான், ஐந்து நடை. (குழந்தை ஸார், கூலியாள் இல்லை.) சுமப்பது, தள்ளுவது, இழுப்பது மூன்றும் தசைக்கும் மூட்டுக்கும் நல்ல தீனி. பல பிள்ளைகளை இது நிதானப்படுத்தும்.

7.15: சுவரை இரண்டு கையாலும் பத்து தடவை தள்ளுவது. சுவர் இதுவரை நகரவில்லை. அவன் நம்பிக்கை இழக்கவில்லை.

மாலை 4.15: ஸ்கூல் விட்டு வந்ததும் கால் மணி நேரம் கேள்வியே கிடையாது. ‘இன்னிக்கு என்ன பாடம்?’ கண்டிப்பாகக் கூடாது. கடிக்க முறுக்கு, பாலில் குழைத்த வாழைப்பழத்தை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சலாம். கடிப்பதும் உறிஞ்சுவதும் தாடைக்கு எக்ஸர்சைஸ்.

5 மணி: ஊஞ்சல். முன்னும் பின்னும், மெதுவாக, ஒரே தாளத்தில். தட்டாமாலை சுற்றுவது இவனுக்கு இந்த நேரத்தில் தடா. மெதுவான ஆட்டம் அடக்கும், சுற்றல் கிளப்பிவிடும்.

6 மணி: சப்பாத்தி மாவு பிசைவது. சப்பாத்தி எந்த தேச மேப் மாதிரி வந்தாலும் அன்றைக்கு அதுதான் டின்னர்.

8.30: லைட்டைக் குறைத்து, ‘மசால் தோசை’ விளையாட்டு. பாயில் படுக்கவைத்து, முகம் எப்போதும் வெளியே இருக்கும்படி சுருட்டி, கையால் இதமாக அழுத்துவது. அவனாகக் கேட்டால் மட்டும். ‘போதும்’ என்றால் அந்த நொடியே தோசை பிரிந்துவிடும்.

இந்த அழுத்த வைத்தியத்துக்கு ஒரு பிரபல சாட்சி உண்டு: அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின். ஆட்டிஸம் உள்ளவர். டீன் ஏஜில் அரிஸோனாவில் அத்தையின் பண்ணைக்குப் போனபோது, தடுப்பூசிக்காக மாடுகளை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிற கூண்டையும், அதற்குள் சில மாடுகள் அமைதியாவதையும் பார்த்தார். தனக்கும் அதே மாதிரி ஒரு மெஷின் செய்துகொண்டார்! பிற்பாடு கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை விஞ்ஞானப் பேராசிரியை ஆனார். மற்றவர் தொட்டால் தாங்காது, ஆனால் தானே கண்ட்ரோல் பண்ணுகிற அழுத்தம் சுகம். பாசத்தில் பாய்ந்து கட்டிப்பிடிக்கிற மாமாக்கள் இந்த வரியை அடிக்கோடிட்டுக் கொள்ளவும்.

அக்காவின் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? மில் வழக்கப்படி ஒரு லாக் புக் போட்டார். எத்தனை மணிக்குப் புயல், அதற்கு முன்னால் என்ன நடந்தது, எப்போது அடங்கியது. ஒரு மாசம் கழித்துப் புரட்டினால், புயல் பலமாக இருந்த நாட்கள் பெரும்பாலும் பி.டி. பீரியட் இல்லாத நாட்கள். விசாரித்தால், பையன் பெஞ்சில் ஒழுங்காக உட்காரவில்லை என்று தண்டனையாக பி.டி.யை நிறுத்தியிருக்கிறார்கள். ஓடினால்தான் அவனால் உட்கார முடியும். உட்காராததற்குத் தண்டனை, ஓடக்கூடாது! இருமலுக்குத் தண்டனையாக இருமல் மருந்தை நிறுத்துவது மாதிரி.

லாக் புக்கை எடுத்துக்கொண்டு அவரே ஸ்கூலுக்குப் போனார். ஸ்கூல் என்றால் செருப்பைத் தேடுகிற மனுஷர். கிளாஸ் டீச்சர் நல்லவர், உட்கார்ந்து படித்துப் பார்த்தார். பி.டி. திரும்ப வந்தது. தவிர, ஒவ்வொரு இரண்டு பீரியடுக்கும் ஒரு தடவை நோட்டுக் கட்டை ஸ்டாஃப் ரூமுக்குச் சுமந்துபோகிற உத்தியோகமும் கிடைத்தது. வகுப்பில் அந்தப் பதவிக்கு இப்போது பலத்த போட்டி என்று கேள்வி.

சித்திரையில் எங்கள் ஊரில் அகத்தீஸ்வரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும் சந்திக்கிற உற்சவம். கூட்டம், மேளம். முன்பெல்லாம் அக்கா கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவாள். இந்த டயட் வந்த பிறகு, மத்தியானமே வாளி ட்யூட்டி டபுள். மில்லில் போடுகிற மாதிரி இயர் மஃப், சின்ன சைஸ். தெருக்கோடியில் இடம். இருபது நிமிஷம் பார்த்துவிட்டு, அவன் தாங்குகிறபோதே கிளம்பிவிட்டோம். அதுதான் சூட்சுமம். (இயர் மஃப்பை நாள் முழுக்க மாட்டிவிடக் கூடாது. காது அமைதிக்குப் பழகி, சத்தம் இன்னும் கூசும்.)

சினிமா மாதிரி எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. தினம் வந்த புயல் வாரத்துக்கு ஒன்றிரண்டு ஆகியிருக்கிறது. ஹாரன் இன்னமும் ஹாரன்தான். சந்தோஷத்தில் உங்களை ஏமாற்றக் கூடாது, ஆராய்ச்சி சொல்வதையும் சொல்லிவிடுகிறேன். புலன் சார்ந்த சிகிச்சைகளுக்கு ஆதாரம் குறைவு, அதைப் பெற்றோரிடம் சொல்லுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை டாக்டர்கள் சங்கம் 2012-லேயே அறிவித்தது. பிரிட்டனில் ஆட்டிஸம் உள்ள 138 குழந்தைகளை வைத்து நடத்தி 2022-ல் வெளியான ஆய்வில், தெரபிஸ்டுகள் முறையாகத் தந்த புலன் சிகிச்சைக்கும் வழக்கமான கவனிப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே, ‘ஆறு மாதத்தில் குணம்’ என்று போர்டு போட்டு, எடை வைத்த கோட்டும் கலர் பந்தும் விற்கிறவரைக் கண்டால் பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இது குணப்படுத்துகிற மருந்தல்ல. ஒரு பிள்ளையின் நாளை அதற்குத் தாங்குகிற மாதிரி அடுக்கிக் கொடுக்கிற வேலை. ஆளுக்கு ஆள் மாறும். எங்கள் வீட்டு ஷெட்யூலை ஜெராக்ஸ் எடுத்து உபயோகிக்காதீர்கள். சில வாரம் செய்து லாக் புக்கில் பலன் தெரியாவிட்டால் மாற்றுங்கள்.

எங்கே போவது? 2013-ல் ஆரம்பித்த அரசுக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் அரசு ஆஸ்பத்திரிகளில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் விசாரிக்கலாம். முட்டுக்காட்டில் 2005-லிருந்து மத்திய அரசின் தேசிய நிறுவனமே இருக்கிறது. பொன்னேரியிலிருந்து சென்னையைக் குறுக்கே தாண்ட வேண்டும், அதுதான் சோதனை. 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 பிரிவுகளில் ஆட்டிஸமும் ஒன்று. சர்டிபிகேட் வாங்க வெட்கப்பட வேண்டியதில்லை.

கடைசியாக மாமாக்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முகூர்த்தத்தில் ஏதாவது கல்யாண மண்டபத்தில், நாதஸ்வரமும் ஸ்பீக்கரும் முழங்குகிற நேரத்தில், ஒரு வாண்டு காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். இழுத்து வந்து, ‘மாமாவுக்கு ஒரு டான்ஸ் ஆடிக் காட்டு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். பக்கத்தில் குனிந்து, மெதுவான குரலில் கேட்டுப் பாருங்கள்:

“டைனிங் ஹாலுக்கு வாழை இலைக் கட்டு தூக்க ஆள் பத்தலையாம். வர்றியா?”