விண்ணப்பமும் விவரமும்

எங்கள் தெருவில் கோர்ட்டுச் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் வசிக்கிறார். சென்ற வாரம் ஒரு நாள் காலையில் அவர் தம் குமாரனையும் மூன்று காகிதங்களையும் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினார்.

"ஸார், இதைச் சற்றுப் பாருங்கள். அறுபது கம்பெனிகளுக்கு அனுப்பியாகிவிட்டது. ஒருவராவது பதில் போடக்கூடாதா?" என்றார்.

பையன் பி.காம். தேறியவன். இருந்த வேலை, கம்பெனியார் ஆட்குறைப்புச் செய்தபோது போய்விட்டது. அதற்குப் பின் எட்டு மாதம் கழிந்திருக்கிறது. வீட்டிலோ தங்கைக்கு வரன் பார்க்கும் சமயம்.

காகிதங்களைப் படித்தேன். முதல் பக்கத்தில் தகப்பனார் பெயர், ஜாதி, மதம், விவாகம் ஆனதா, உயரம் எவ்வளவு என்ற விவரங்கள். நடுவே, தான் கடின உழைப்பாளி, தலைமைக் குணம் வாய்ந்தவன், எவரோடும் இணங்கி நடப்பவன் என்ற வர்ணனை. முடிவில், "மேற்கண்டவை யாவும் உண்மை" என்று ஒரு பிரமாணம். வரன் தேடுகிறவர்களுக்கு இது போதுமானதாயிருக்கலாம். உத்தியோகம் கொடுக்கிறவர் கேட்கும் கேள்வியோ வேறு. "இவன் வந்தால் என் காரியங்களில் எது நடக்கும்?" என்பதே அது. அதற்கு அந்த மூன்று பக்கங்களிலும் விடையில்லை.

நண்பர் காலத்தில் விண்ணப்பத்தை ஒரு மனிதர் படித்தார். இன்று பெரிய கம்பெனிகள் பலவற்றில் கணிப்பொறிதான் முதலில் படிக்கிறது. விளம்பரத்தில் கேட்ட தகுதிகள் விண்ணப்பத்தில் அதே சொற்களால் இருக்கின்றனவா என்று அது தேடுகிறது. கட்டங்கள், படங்கள், பூவேலைகள் அதைக் குழப்பிவிடக்கூடும். ஆகையால் ஒரே விண்ணப்பத்தை அறுபது இடத்துக்கு அனுப்புவதைக் காட்டிலும், ஆறு விளம்பரங்களை ஊன்றிப் படித்து ஆறு விதமாக எழுதுவது மேல்.

இன்னொரு மாறுதலும் உண்டு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், அழகிய நடையில் விண்ணப்பம் எழுதுவது எவருக்கும் ஒரு நிமிஷ வேலையாகிவிட்டது. எல்லாரும் பட்டு உடுத்தி வந்தால் பட்டுக்கு என்ன மதிப்பு? பிறர் எழுத முடியாத ஒன்று, அவரவர் மெய்யாகச் செய்த வேலையின் விவரந்தான்.

ஸ்ரீனிவாச ராமானுஜன் 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்துக்குக் குமாஸ்தா வேலை கோரி விண்ணப்பித்தார். எப்.ஏ. வரையில் படித்ததையும், மேலே படிக்க இயலாமற் போனதையும் அதில் அவர் ஒளிக்கவில்லை. கணித ஆராய்ச்சியில் காலத்தைச் செலவிட்டதாக எழுதினார். வேலை கிடைத்தது, சம்பளம் மாதம் 30 ரூபாய். அடுத்த வருஷம் ஜனவரி 16-ந் தேதி, கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், தாம் வருஷத்துக்கு 20 பவுன் சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார். சர்வகலாசாலைப் படிப்பு இல்லை என்பதையும் மறைக்கவில்லை. கூடவே, தாம் கண்ட தேற்றங்களைப் பக்கம் பக்கமாக எழுதி இணைத்தார். ஹார்டியை அசைத்தவை அந்தப் பக்கங்களே. 1914-ல் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார். அந்த மேதை நமக்கெல்லாம் வாய்க்காது. குறையை மறைக்காமல் வேலையை முன்னே வைக்கும் அந்த வழி மட்டும் யாவருக்கும் பொது.

"எட்டு மாதமாக என்ன செய்தாய், தம்பி?" என்று பையனைக் கேட்டேன்.

அவன் தகப்பனார் முகத்தைப் பார்த்தான். பிறகு, "சித்தப்பாவின் மளிகைக் கடையில் கணக்குப் பார்த்தேன், ஸார்" என்றான்.

"கடையில் உட்கார்ந்ததையெல்லாம் எழுதுவதாவது! குடும்ப கௌரவம் என்ன ஆகிறது?" என்று சிரஸ்தார் குறுக்கிட்டார்.

துருவிக் கேட்டேன். இருப்புப் புத்தகத்துக்கும் அலமாரியில் உள்ள சரக்குக்கும் பொருந்தாமல் இருந்ததைக் கண்டுபிடித்துச் சரிசெய்தவன் அவனே! 'கணக்கில் அநுபவம் உண்டு' என்ற வரியை அடித்துவிட்டு இவ்வாறு எழுதச் சொன்னேன்: "எட்டு மாதம் ஒரு மளிகைக் கடையின் கொள்முதல், விற்பனைக் கணக்குகளைக் கணிப்பொறியில் ஏற்றினேன், இருப்புப் பிழைகளைத் திருத்தினேன், ஜி.எஸ்.டி. கணக்குகளைத் தாக்கல் செய்தேன்." தலைமைக் குணம் போயிற்று. ஜாதியும் உயரமும் போயின. யந்திரம் தானாகச் சேர்த்திருந்த, பையனுக்குத் தெரியாத இரண்டு வித்தைகளும் போயின. நேர்முகத்தில் கேட்டால் விழிப்பவன் அவனல்லவா? மூன்று பக்கம் ஒரு பக்கமாயிற்று.

வேலை கிடைத்ததா என்று நேயர்கள் கேட்கலாம். இன்னும் இல்லை, நான்கு இடங்களுக்கு அனுப்பியிருக்கிறான். ஆனால் நேற்று மாலை சிரஸ்தாரைக் கடைவீதியில் கண்டேன். "பையன் சித்தப்பா கடைக் கணக்கையே ஒழுங்கு செய்துவிட்டான், தெரியுமோ?" என்று யாரோ ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.