அட்டை ஆஸ்பத்திரி வாசலோடு நிற்கலாமா?

சிதம்பரத்தை அடுத்த கடலோர ஊரான கிள்ளையில் ஒரு முதியவருக்குப் பக்கவாதம் வந்தால் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க 108 வருகிறது. உள்ளே சேர்த்த பிறகு காப்பீட்டு அட்டை கைகொடுக்கிறது. சில நாட்களில் உயிருக்கு ஆபத்து நீங்கி வீடு திரும்புகிறார். அவருடைய உண்மையான சிகிச்சை தொடங்க வேண்டிய அந்த நாளில்தான் அட்டை ஏறக்குறைய ஓய்ந்துபோகிறது. உயிரைக் காப்பாற்றப் பணம் கொடுக்கும் காப்பீடு, காப்பாற்றிய உயிரை நடக்கவைக்கவும் கொடுக்க வேண்டும். மறுவாழ்வுச் சிகிச்சை அரசு காட்டும் சலுகை அன்று, தொடங்கிய சிகிச்சையின் மறுபாதி.

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக உருமாறியது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தபோது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்றானது. 70 வயது நிரம்பிய எவருக்கும், வருமானம் பாராமல், ஆயுஷ்மான் பாரத் உண்டு என்ற ஏற்பாட்டை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. தொகை கூடியது, வாசல் அகன்றது. ஆனால் எது சிகிச்சை என்ற கணக்கு மாறவில்லை. ஆயுஷ்மான் பாரத் விதிகளில் புறநோயாளிச் சிகிச்சைக்கு இடமில்லை. வீடு திரும்பிய பின் 15 நாள் செலவு மட்டுமே சேர்த்தி. பக்கவாதத்தில் இழந்த இயக்கம் பெரும்பாலும் மீள்வது முதல் மூன்று மாதங்களில். அந்த நாட்களில் முறையான பயிற்சி இல்லையென்றால் விரல்கள் மடங்கி இறுகும், தோள்மூட்டு இறங்கும், பாதம் தொங்கிப்போகும். இடுப்பெலும்பு முறிந்து அறுவை செய்துகொண்டவரை உரிய நாளில் எழுப்பி நடக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும், நுரையீரலில் சளி கட்டும். 90 நாள் தேவைக்கு 15 நாள் கணக்கு என்பது பாதிக் கிணறு தாண்டுவதுகூட அல்ல.

மிச்ச நாட்களைக் குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்பது காகிதத்தில் எளிது. வாரம் மூன்று முறை வீதம் 12 வாரம் என்றால் சிதம்பரத்துக்கு 36 முறை போய்வர வேண்டும். நடக்க முடியாதவரை மணல்பாதையில் தூக்கிவந்து ஆட்டோவில் ஏற்ற ஒருவர் வேண்டும். அவருக்கு 36 நாள் கூலி போகும். முதியோர் உதவித்தொகையோ 2023இல் உயர்த்திய பிறகும் மாதம் 1,200 ரூபாய்தான். கிள்ளைக்கு அருகே பிச்சாவரம் கழிமுகத்தில் இருளர்கள் மீன்கூடையான பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் இரு கைகளாலும் துழாவி இறால் பிடிக்கிறார்கள். அந்தத் தொழிலில் ஒரு கை விழுந்தால் பிழைப்பே விழுந்தது. இத்தகைய குடும்பங்களில் பயிற்சி நான்காம் வாரத்தோடு நின்றுபோனால் அதை அலட்சியம் என்று சொல்ல நமக்கு வாயில்லை.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறதே என்று கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டம் பாராட்டுக்குரியது. நாம் கேட்பதற்கு அடித்தளமே அதுதான். ஆனால் ஒரு வட்டாரம் முழுவதையும் சுற்றிவரும் இயன்முறைச் சிகிச்சையாளர் ஒரே வீட்டுக்கு வாரம் மூன்று முறை வர இயலாது. அவர் எப்போதாவது வருவது உதவி. இத்தனை முறை வந்தாக வேண்டும் என்பது உரிமை. காப்பீடு அந்த உரிமையைக் கணக்கில் எழுதி, அதற்குரிய தொகையையும் ஒதுக்கும். அரசு மருத்துவமனைகள் இப்போதே காப்பீட்டுத் தொகையைப் பெற்றுத் தங்கள் தேவைகளுக்குப் பயன்படுத்துகின்றன. அதே வழி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் திறந்தால், ஆள் இல்லை என்ற குறையையும் அந்தப் பணமே தீர்க்கும்.

பயிற்சியை அளக்க முடியாது, போலி பில் பெருகும் என்பது அடுத்த அச்சம். அளக்க முடியும். தானாக உண்பது, உடுப்பது, கழிப்பறைக்குப் போவது, படியேறுவது ஆகியவற்றை 100 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடும் பார்தெல் அளவுகோல் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. முதல் நாள், 30ஆம் நாள், 90ஆம் நாள் என மூன்று முறை பதிந்தால் ஏமாற்று வெளிப்பட்டுவிடும். வயதானவர் இனி என்ன தேறப்போகிறார் என்ற முணுமுணுப்பும் உண்டு. அமெரிக்காவின் மெடிகேர் காப்பீட்டிலும் தேறும் வாய்ப்பில்லை என்று கூறிப் பணம் மறுத்தார்கள். அதை எதிர்த்த வழக்கு 2013இல் உடன்பாட்டில் முடிந்தது: இருக்கும் நிலை சரியாமல் காப்பதற்கும் தேர்ந்த சிகிச்சை தேவைப்பட்டால் காப்பீடு உண்டு என்பது உறுதியானது. ஜப்பான் 2000ஆம் ஆண்டிலேயே மீட்புச் சிகிச்சைக்கெனத் தனி வார்டுகளைக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. பக்கவாதத்துக்கு அங்கே 150 நாள் வரை இடம் உண்டு.

செலவு கூடும் என்பது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் படுத்த படுக்கையானவர் புண்ணோடும் காய்ச்சலோடும் மறுபடி மருத்துவமனைக்கு வந்தால் அந்தச் செலவும் இதே காப்பீட்டின் தலையில்தான் விழுகிறது. 2021இல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். 2031இல் இது 18.2 ஆகும் என்பது மத்திய அரசின் கணிப்பு. தள்ளிப்போட நேரமில்லை. பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு ஆகிய இரண்டுக்கு மட்டுமாவது, வீட்டிலோ அருகிலுள்ள சுகாதார நிலையத்திலோ பெறக்கூடிய 90 நாள் மறுவாழ்வுச் சிகிச்சையை முதலமைச்சர் காப்பீட்டில் சேர்க்க வேண்டும். கடலோர வட்டாரமான பரங்கிப்பேட்டையில் அதைத் தொடங்கிப் பார்க்கலாம். முதியவர் மருத்துவமனைக் கட்டிலைவிட்டு இறங்கும் நாளில் அல்ல, தன் வீட்டு வாசலைத் தானே தாண்டும் நாளில்தான் அரசு அந்தக் கணக்கை முடிக்க வேண்டும்.