வேகம் சுடாது பாஸ்... வோல்டேஜ்தான் சுடும்!

உங்க ஹாஸ்டல்ல அப்படி ஒருத்தன் கண்டிப்பா இருப்பான். கேபினெட்டோட சைடு மூடியைக் கழட்டி வெச்சிட்டு, அதுக்கு நேரா டேபிள் ஃபேனைத் திருப்பி விட்டிருப்பான். என்னடான்னு கேட்டா, ‘ஓவர்கிளாக் பண்ணியிருக்கேன் மச்சி!’ என்று காலரைத் தூக்கி விட்டுக்குவான். அடுத்து உங்க கம்ப்யூட்டர்ல கை வைக்கத்தான் வருவான். தாராளமா வரட்டும். அதுக்கு முன்னாடி இந்தப் பக்கத்தை மட்டும் படிச்சிடுங்க!

ஓவர்கிளாக்கிங் ஒண்ணும் தப்பான காரியம் இல்லை. 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ சிப்பை ஞாபகம் வெச்சிருக்கிற சீனியர்கள் இன்னும் இருக்காங்க. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 100 ஆக மாத்தினா போதும், 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-ல் ஓடும். கொஞ்ச காசுக்கு ஒண்ணரை மடங்கு வேகம்!

ஆனா, இன்னிக்குக் கதை வேற. டர்போ, பூஸ்ட் என்று கம்பெனிக்காரங்களே சிப்பைப் பிழிஞ்சுதான் விக்கிறாங்க. நமக்கு மிச்சம் இருக்கிறது கொஞ்சூண்டுதான். அந்தக் கொஞ்சூண்டுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம்.

ஒரு சின்னக் கணக்கு

கடிகார வேகத்தைக் கூட்டினா, சிப்புக்குள்ள ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் வேலையை முடிக்கக் கிடைக்கிற நேரம் குறையும். நேரம் பத்தாட்டி கணக்குத் தப்பும், சிஸ்டம் தொங்கும். அதனால வோல்டேஜைக் கொஞ்சம் ஏத்தி அதை விரட்டுறோம். வேகம் கூடினா சூடு அதே அளவுக்குத்தான் கூடும். வோல்டேஜ் கூடினா அதோட இருமடிக்கு, அதாவது வர்க்கத்துக்குக் கூடும். பிளஸ் டூ இயற்பியல்தான்!

4.5 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட்ல ஓடுற சிப்பை 5 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட்டுக்கு ஏத்துறீங்கன்னு வைங்க. வேகம் கூடினது 11 சதவிகிதம். சூடு? சுமார் 40 சதவிகிதம்! 100 வாட் சாப்பிட்டது இப்போ 140 வாட் சாப்பிடும். கேம்ல நாலஞ்சு ஃபிரேம் கூடுதலாக் கிடைக்கும். ரூமுக்குள்ள ஒரு குட்டி இஸ்திரிப் பெட்டியும் ஃப்ரீயாக் கிடைக்கும்.

சூட்டையாவது ஃபேன் போட்டு விரட்டலாம். வோல்டேஜோட பாதிப்பு அப்படிப் போகாது. சிப்பை உள்ளேயே மெல்ல மெல்லத் தேய்க்கும். 2023 ஏப்ரல்ல சில ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்கள் சாக்கெட்டோட கருகிப் போச்சு. மெமரி வேகத்தைக் கூட்டினப்போ எஸ்ஓசி வோல்டேஜும் எகிறினதுதான் சிக்கல். 1.3 வோல்ட்டுக்கு மேல போகாதபடி ஏஎம்டி பூட்டுப் போட்டது. 2024-ல் இன்டெல்லோட 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் அடிக்கடி கிராஷ் ஆச்சு. தேவைக்கு மேல போன வோல்டேஜே காரணம்னு இன்டெல் ஒப்புக்கிட்டு, பயாஸ் அப்டேட் கொடுத்து, வாரண்டியை 2 வருஷம் நீட்டிச்சது. ஓவர்கிளாக்கே பண்ணாதவங்களும் இதுல மாட்டினாங்க என்பதைக் கவனிங்க!

சரி, எப்படிப் பண்றது?

* முதல்ல பயாஸை அப்டேட் பண்ணுங்க. இன்டெல்னா சிப் பேர்ல ‘கே’ எழுத்தும், ஓவர்கிளாக்குக்கு இடம் கொடுக்கிற மதர்போர்டும் வேணும்.

* வோல்டேஜை ‘ஆட்டோ’வில் விடாதீங்க. எதுக்கு வம்புன்னு மதர்போர்டு தாராளமா அள்ளி ஊத்தும். நீங்களே கையால நம்பர் போடுங்க.

* ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸ் கூட்டி டெஸ்ட். ஓடலைன்னா 0.01 வோல்ட் கூட்டி மறுபடி டெஸ்ட். எல்லாத்தையும் நோட்டுல எழுதி வைங்க.

* வேலை கூடும்போது வோல்டேஜ் கொஞ்சம் இறங்குறது சகஜம். அதைத் தாங்கிப் பிடிக்கிறது ‘லோட் லைன் காலிப்ரேஷன்’. இதை உச்சத்துல வெச்சா, வேலை சட்டுனு நிக்கிற நொடியில வோல்டேஜ் எகிறிக் குதிக்கும். நடுவாந்திரமா வைங்க.

* பிரைம்95 அல்லது ஓசிசிடி ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோவில் சூட்டைப் பாருங்க. 85 டிகிரியைத் தாண்டினா போதும்னு நிறுத்திடுங்க. 95, 100 டிகிரிக்குப் போனா சிப் தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும். அப்புறம் ஏத்தி என்ன பிரயோஜனம்?

* சிஸ்டம் ஆன் ஆகலையா? பதறாதீங்க. பவரைப் பிடுங்கிட்டு, மதர்போர்டு பேட்டரியைக் கழட்டிக் கொஞ்ச நேரம் கழிச்சு மாட்டினா பெரும்பாலும் பழைய செட்டிங் வந்துடும்.

நம்ம ஊர் வெயில்

வெளிநாட்டு வீடியோவுல 75 டிகிரின்னு காட்டுவான். அவன் ரூம் 25 டிகிரி. உங்க ரூம் மே மாசத்துல 38. எந்த ஏர் கூலரும், வாட்டர் கூலரும் ரூம் காத்தைவிடச் சில்லுனு ஆக்க முடியாது. அதனால அதே செட்டிங் உங்ககிட்ட 88-ல் நிக்கும். ஜனவரியில பாஸான ஓவர்கிளாக் மே மாசத்துல ஃபெயில் ஆகிறது இதனாலதான். டெஸ்ட் பண்றதா இருந்தா மத்தியானம் 2 மணிக்குப் பண்ணுங்க!

பேஸ்ட்டை ஒரு பட்டாணி அளவு வெச்சா போதும், சப்பாத்திக்கு நெய் தடவுற மாதிரி வழிய விடவேண்டாம். முன்னாடி காத்து உள்ளே, பின்னாடி வெளியே. ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை தூசியை ஊதுங்க. ஊதும்போது ஃபேன் சுத்தாம விரலால பிடிச்சுக்கணும்.

கடைசியா ஒரு விஷயம். அரைகுறை ஓவர்கிளாக் எப்பவும் நீலத்திரை காட்டி எச்சரிக்காது. சத்தமே இல்லாம ஒரு கணக்கைத் தப்பாப் போட்டு, அந்தத் தப்பை உங்க ஃபைல்லயே எழுதி வெச்சிடும். ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி புராஜெக்ட் ஃபைல் திறக்கலைன்னா, அந்த 11 சதவிகித வேகம் வந்து வைவாவுக்குப் பதில் சொல்லாது. அதனால ஃபைலை வேற இடத்துல காப்பி எடுத்து வெச்சிட்டுத்தான் பயாஸுக்குள்ளயே போகணும்.

என்னைக் கேட்டா, முதல்ல தலைகீழா முயற்சி பண்ணுங்க. வேகத்தை அப்படியே விட்டு, வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுப் பாருங்க. அதே டெஸ்ட்டைத் தாங்கினா, 1.20-லிருந்து 1.10-க்கு வந்தாலே சூடு 16 சதவிகிதம் குறையும். ஃபேன் சத்தம் அடங்கும், சிப்பும் நீடிக்கும். அப்பா கஷ்டப்பட்டு வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் இன்னும் நாலு வருஷம் சேர்ந்து உழைச்சா, அதுவும் ஒரு கெத்துதானே மச்சி?