பழைய வீட்டைப் பெயர்த்துக் கொணர்தல் ஆதாயமா?

பழைய வீடொன்றை மலிவாக வாங்கிப் பிரித்து, தம் மனையில் மீண்டும் நிறுத்தினால் செலவு மிச்சமாகுமென அங்கத்தினர் சிலர் எண்ணக்கூடும். சிக்கன எண்ணம் பாராட்டத்தக்கதே. ஆயினும் கோவில்பட்டிக் கரிசலில் வாழும் நாம், இக்கணக்கைக் கூரையிலிருந்தன்றி அஸ்திவாரத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

பெயர்த்துக் கட்டுதல் இயலாத காரியமன்று. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்திராவில், கேரளத்துப் பழைய மரவீடுகள் பிரித்துக் கொணரப்பெற்று மீண்டும் நிறுத்தப்பெற்றுள்ளன. கழுந்தும் துளையுமாகத் தச்சர் இணைத்த மரத்தைத் தட்டிக் கழற்றலாம், மீண்டும் மாட்டலாம். திருகாணியால் முடுக்கிய இரும்புச் சட்டமும் அவ்வாறே.

சிமெண்டுப் பலகைகளை வார்த்து அடுக்கிய வீடு அத்தகையதன்று. 1947 பிரிவினைக்குப்பின் அகதிகளுக்கு விரைவில் வீடளிக்கும் பொருட்டு, அரசாங்கம் தில்லியில் தொழிற்சாலை நிறுவி இத்தகைய பலகைகளைச் செய்வித்தது. அவை விரிசல் கண்டமையால் அம்முயற்சி எண்ணிய பலனைத் தரவில்லை. சாந்திட்டு இறுக்கிய மூட்டுகளை உடைத்தே பிரிக்கவேண்டும். உடைத்த ஓரங்கள் முன்போல் பொருந்தா. கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாயின், அது உடையும்போது எழும் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு.

எவ்வகை வீடாயினும் அஸ்திவாரத்தை வண்டியில் ஏற்ற இயலாது. நம் கரிசல் ஐப்பசி மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். ஆகவே ரூர்க்கி கட்டட ஆராய்ச்சி நிலையத்தார், அடியில் குமிழ்போல் அகன்ற தூண்களை ஆழமான கரிசலில் சுமார் 3½ மீட்டர் இறக்கும் முறையை வகுத்தனர். மலிவு வீட்டுக்கும் இச்செலவு குறையாது. அதனைத் தவிர்த்தால் சுவர் பிளக்கும். நெசவாளியின் குழித்தறி மட்டம் பிசகும். விவசாயியின் தானிய அறையில் ஈரம் புகும்.

எனவே, முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே மனையில் குழி தோண்டிக் கரிசலின் ஆழத்தை அறிக. பிரிக்கும் கூலி, வண்டிச் சத்தம், சேதாரம், மீண்டும் பொருத்தும் கூலி, அஸ்திவாரம் ஆகிய ஐந்தையும் எழுதிக் கூட்டுக. புதுவீட்டுச் செலவைவிட அத்தொகை வெகுவாகக் குறைந்தாலன்றி வாங்கற்க. காரைக்குடிக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் தூணும் கதவும் தனித்தனியே விற்கப்படுகின்றன. அதுபோல், கரையான் தீண்டாத நிலை, கதவு, உத்திரங்களை மட்டும் வாங்கிப் புதுவீட்டில் பயன்படுத்துவதே நம்மில் பெரும்பாலோர்க்கு ஆதாயமாகும். அவற்றைச் சோதிக்க நல்ல தச்சர் ஒருவரை அங்கத்தினர் நால்வர் கூடி அமர்த்திக்கொள்ளலாம். கூட்டுறவின் பயன் அதுவன்றோ!